செவந்தியும் சீர்வரிசைப் பெட்டியும்

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் வெள்ளம் வந்த அன்றைக்கே அவர் குடும்பத்தோடு மேட்டுக்காட்டில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். போனவர் போனவர்தான். அதனால் இந்தக் கதையில் ராஜா கிடையாது, குழுதான் உண்டு. அதுவே போதுமான கஷ்டம்.

அந்தக் காட்டில் செவந்தி என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தாள். நிறையக் குட்டி போட்டவள். கடைக்குட்டியின் பெயர் பொட்டு, நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்ததால். வெள்ளத்தன்று அவனை வாயில் கவ்விக்கொண்டுதான் அவள் பாறை உச்சிக்கு ஓடினாள். அன்றிலிருந்து அவன் தும்மினால்கூட அவள் ஓடி வந்து முகர்ந்து பார்ப்பாள்.

ஆபத்து வந்தால் இலுப்பை மர உச்சியில் சிவப்புத் துணி கட்டுவது அந்தக் காட்டு வழக்கம். அதைக் கண்டதும் பெரிய ஏரியிலிருந்து நிவாரண நாரைகள் பறந்து வரும். அந்த முறையும் வந்தன. தார்ப்பாய் வந்தது, பிஸ்கட் வந்தது, சோப்பு வந்தது. மேட்டில் ஆழமாகத் துளை போட்டு ஓர் அடிபம்பு வைத்தார்கள். வெள்ளை டைல்ஸ் ஒட்டிய கழிப்பறைகளை வரிசையாகக் கட்டினார்கள். கை கழுவுவதற்கு ஒரு பாட்டுகூடக் கற்றுக் கொடுத்தார்கள். கையே இல்லாத சாரைப்பாம்புதான் அந்தப் பாட்டை எல்லோரையும்விட நன்றாகப் பாடியது.

குறை சொல்லக் கூடாது. நாரைகள் ராப்பகல் பார்க்காமல் உழைத்தார்கள். வெள்ளம் வந்த அந்த மூன்று மாதம் மாதிரி ஒரு பொற்காலத்தை அந்தக் காடு அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்று பலரும் சொன்னார்கள். வீடு போனவர்கள் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்கள்.

தண்ணீர் வடிந்தது. நாரைகளின் தலைவி பெனிட்டா மேடம் இலுப்பை மரத்தில் ஏறி, தன் அலகாலேயே சிவப்புத் துணியை அவிழ்த்தார். கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் தூக்கமின்மை, பேச்சில் இனிமை. அன்று சாயங்காலமே ஒப்படைப்பு விழா.

“இனிமே இது எங்க பம்பு இல்ல, உங்க பம்பு. எங்க கழிப்பறை இல்ல, உங்க கழிப்பறை. நீங்கதான் பாத்துக்கணும்” என்றார் மேடம். எல்லோரும் கைதட்டினார்கள். யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. விழா மேடையில் கேட்கிற கேள்வியா அது?

குழு போட்டார்கள். மேடையில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் மாசிலாமணி கரடி தலைவரானார். ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம் வேண்டும் என்றார்கள். செவந்தி கூட்டத்துக்கு வரவில்லை, அதனால் மறுக்கவும் ஆளில்லை. அவளைப் போட்டுவிட்டார்கள். பம்பு ரிப்பேர் பார்க்க இரண்டு மந்திகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலேயே அந்த இரண்டும் சான்றிதழைக் காட்டி டவுன் கோயிலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. அங்கே தினமும் தேங்காய் மூடி கிடைக்கிறதாம்.

விழாவின் முடிவில்தான் அந்தப் பெட்டி வந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் உறை, குறுக்கே பச்சை ரிப்பன். உள்ளே ஸ்பானர், கிரீஸ், பம்புக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டிய தோல் வாஷர்கள். மாசிலாமணி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அங்கேதான் சனி பிடித்தது. கல்யாணத்தில் பெண் வீட்டார் கொடுக்கும் சீர்வரிசை வெள்ளிப் பாத்திரத்தை யாராவது அடுப்பில் ஏற்றுவார்களா? உறை பிரிக்காமல் பீரோவில் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டுவதுதான் குடும்பத்துக்கு அழகு. அந்தக் காடும் குடும்பக் காடுதான். கரடி பெட்டியைத் தன் குகையில், தேனடைக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டு வைத்து வைத்தார். விருந்தாளி வந்தால் திரையை விலக்கிக் காட்டுவார்.

கழிப்பறையின் கதையோ அதைவிட மேல். திறப்பு விழாவில் அதன் வாசலில் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். மறுநாள் முள்ளம்பன்றி அவசரமாக உள்ளே போய்விட்டு, போன வேகத்திலேயே வெளியே வந்தது. “விளக்கேத்துன இடத்துல எப்படிங்க?” என்றது. நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும். கரடி எல்லாக் கதவையும் பூட்டிச் சாவிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். காடு முழுக்கப் பழையபடி ஓடைக்கரைக்கே போனது. அந்த ஓடைதான் வளைந்து வந்து குட்டையில் விழுகிறது. அந்த வருஷம் மிகச் சுத்தமான கழிப்பறைக்கான கேடயம் அந்தக் காட்டுக்குத்தான் கிடைத்தது. ஒரு கறை உண்டா, ஒரு நாற்றம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த மழைக்காலம் முடிகிற நேரத்தில் பம்பு இருமத் தொடங்கியது. முதலில் கிறீச்சென்றது. பிறகு ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு மணி நேரம் அடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் காற்றுதான் வந்தது. செவந்தி கரடியிடம் போனாள்.

“அண்ணே, வாஷர் தேஞ்சிருக்கும். பெட்டியப் பிரிங்க, மாத்திரலாம்.”

மாசிலாமணி பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றார். “பிரிக்கிறதா? என்ன பேச்சு பேசுற செவந்தி? குடுத்தவங்க கண்ணு முன்னாடிதான் பிரிக்கணும். நாமளே பிரிச்சா நாளைக்கு அவங்க வந்து பாக்குறப்ப என்ன நெனைப்பாங்க? சோத்துக்கு அலையிற காடுன்னு நெனைக்க மாட்டாங்க?”

“தண்ணி வரலையேண்ணே.”

“தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். மரியாதை போனா வருமா?”

செவந்தி திரும்பி வந்தாள். குட்டிகள் அதற்குள் குட்டைக்குப் போய்த் தாகம் தீர்த்துவிட்டிருந்தன. மூன்றாம் நாள் பொட்டுவுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. நாலாம் நாள் அவன் கண் உள்ளே போனது. பால் குடிக்க எழுந்திருக்கவில்லை. தாய்மடியில் அண்ணன் தம்பிகள் முட்டி மோதுகிற சத்தம் கேட்டும் அவன் தலையைத் தூக்காததைப் பார்த்தபோது செவந்திக்கு உலகமே இருண்டது. குட்டிகளை முயலம்மாவிடம் விட்டுவிட்டுப் பெரிய ஏரிக்கு ஓடினாள்.

நாணல் புதருக்குள் நாரைகளின் அலுவலகம். வெளியே நீண்ட வரிசை. அவள் முறை வந்ததும் பெனிட்டா மேடம் அடையாளம் கண்டுகொண்டார்.

“ஏம்மா, செவந்திதானே? குட்டிங்கல்லாம் சௌக்கியமா?”

“கடைக்குட்டிக்கு வயித்தால போகுதுங்க மேடம். பம்புல வாஷர் போயிருச்சு. குட்டைத் தண்ணியத்தான் குடிக்குதுங்க. ஒரே ஒரு வாஷர் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

மேடத்தின் முகம் வாடியது. “உங்க காட்டுல அவசரம் முடிஞ்சிருச்சேம்மா. துணிய நான்தானே அவுத்தேன்.”

“அவசரம் முடிஞ்சிருச்சுங்க. வயித்துப்போக்கு முடியலைங்க.”

“எத்தன குட்டிக்கு?”

“ஒரு குட்டிக்குத்தாங்க.”

“ஒரு குட்டின்னா வைத்தியர் பாக்கணும். நூறு குட்டின்னா நாங்க பாக்கணும். நடுவுல இருக்கறதப் பாக்க இன்னும் யாரையும் போடலம்மா.”

“அப்ப நூறு ஆகட்டும்னு காத்திருக்கணுங்களா?”

“அப்படில்லாம் சொல்லாதம்மா” என்ற மேடம் உண்மையாகவே கண் கலங்கினார். “வெள்ளம்னா சொல்லு, நாளைக்கே புது பம்பே போடறோம். வாஷர் மட்டும் குடுக்கறதுக்கு எங்க கிட்ட வழி இல்ல. அதான் பெட்டி குடுத்தோமே?”

“உங்க கண்ணு முன்னாடிதான் பிரிப்பேன்னு எங்க தலைவர் ஒத்தக்கால்ல நிக்கறாரு. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க.”

“அவசரம் இல்லாத காட்டுக்கு நான் எப்படிம்மா பறக்கறது? காரணம் கேப்பாங்களே.”

வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், கை கழுவுவதைப் பற்றிய வண்ண போஸ்டர் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தார். செவந்தி அதை வழியிலேயே தின்றாள். காலையிலிருந்து பட்டினி.

இதைக் கேட்கிற உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். பேசாமல் கரடி குகைக்குள் புகுந்து ஒரு வாஷரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? வேண்டியதுதான். ஆனால் பொதுச் சொத்தில் கை வைப்பது பாவம் என்று செவந்தி நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஓடைக்கரையை உடைப்பது பாவம் என்று மட்டும் அவளுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை.

பன்றியின் மூக்கு சாதாரண மூக்கு அல்ல. உச்சி வெயிலில் எல்லோரும் கண்ணயர்ந்திருந்த நேரம். மழைத் தண்ணீர் நிறைந்து ஓடிய ஓடையின் கரையில் அவள் மூக்கை வைத்தாள். இரண்டு முட்டு, நாலு கெல்லு. காட்டின் கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் வந்தால் போதும் என்பது அவள் கணக்கு. தண்ணீருக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. ஓர் ஆள் உயரத்துக்குக் கரை பிய்த்துக்கொண்டது.

பொட்டு புதரடியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவன். வெள்ளம் அவனைச் சுருட்டிக்கொண்டு போனது. செவந்தி கத்திக்கொண்டே பின்னால் பாய்ந்தாள். ஈச்சம் புதரில் அவன் சிக்கியிராவிட்டால் இந்தக் கதையை நான் சொல்லியிருக்க மாட்டேன். தரையில் கூடு கட்டியிருந்த காடையின் முட்டைகள் எல்லாம் போயின. காடை யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெள்ளம் என்றால் போகத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு வெறும் இடத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு செவந்தி காடையின் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை.

ஆனால் பாருங்கள், இலுப்பை மரத்தில் சிவப்புத் துணி ஏறியதுதான் தாமதம், வானம் கறுக்கிற மாதிரி நாரைகள் வந்து இறங்கினார்கள். ஒரு நாரை பொட்டுவுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டியது. மறுநாளே அவன் வாலை ஆட்டினான். பிஸ்கட் வந்தது. தார்ப்பாய் வந்தது. பழைய பம்புக்குப் பக்கத்தில் போட ஒரு புது பம்பும் வந்தது.

பெனிட்டா மேடத்தைப் பார்த்ததும் மாசிலாமணி குகைக்குள் ஓடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். குதிகாலில் ஈரம், முகத்தில் பெருமை. “பாத்துக்குங்க மேடம். நீங்க குடுத்தது குடுத்தபடி. ஒரு கீறல் இல்ல.”

மேடம் அலகால் உறையைக் கிழித்து, ஒரு வாஷரை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பழைய பம்பைக் கழற்றி, தேய்ந்ததை எறிந்துவிட்டுப் புதியதை மாட்டி, மூடி, அடித்தார். தண்ணீர் கொட்டியது. ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதான்” என்றார் மேடம்.

“இதுக்குத்தானா இவ்வளவும்?” என்று கேட்க வாய் திறந்தது ஆமை. அதற்குள் பிஸ்கட் வண்டி வந்துவிட்டதால் கேள்வி நின்றுபோனது.

போகும்போது மேடம் புதிதாக ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். பிளாஸ்டிக் உறை, பச்சை ரிப்பன். கரடி கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரித்துவிட்ட பழைய பெட்டிக்கு இனி மரியாதை ஏது? அதைச் செவந்தியிடம் தள்ளிவிட்டார்.

அடுத்த வருஷம் மழை ஓய்ந்ததும் பழைய பம்பு மறுபடி கிறீச்சென்றது. நாலு நாள் கழித்துப் புது பம்பும் கூடச் சேர்ந்துகொண்டது. பொறுப்பில்லாத காடு என்று நீங்கள் நினைக்கக் கூடாது. இந்த முறை காடே திரண்டு வந்தது. ஆனால் பம்படிக்கு அல்ல, செவந்தி வீட்டுக்கு. கரை எப்படி உடைந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதுதான் நாகரிகம் இல்லை.

“அத்தே, மூக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவி விடட்டுமா?” என்றது முயல்.

“தார்ப்பாய் எல்லாம் நைஞ்சிருச்சு செவந்தி” என்றார் கரடி, எங்கோ பார்த்துக்கொண்டு. “பிள்ளைங்களும் பிஸ்கட்டு பிஸ்கட்டுன்னு ஏங்குதுங்க. நான் சும்மா சொல்றேன்.” நாரைகள் வந்தால் அழ வேண்டுமே என்று ஏற்கெனவே ஒரு மரத்தடியில் அழுது பழகிக்கொண்டிருந்தார் அவர்.

செவந்தி பொட்டுவைப் பார்த்தாள். ஈச்ச முள் கிழித்த தழும்பு அவன் விலாவில் இன்னும் இருந்தது. கூட்டத்தின் ஓரத்தில் காடை புதிய முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். செவந்தி உள்ளே போய்ப் பழைய பெட்டியிலிருந்து ஸ்பானரையும் வாஷர்களையும் எடுத்து வந்தாள். பம்பைக் கழற்றினாள், மாட்டினாள், மூடினாள், அடித்தாள். அடுத்ததையும் அப்படியே. இரண்டிலும் தண்ணீர் கொட்டியது.

அந்தக் காட்டில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டதில்லை. இழவு வீட்டில்கூட நாலு பேர் மூக்கு சிந்துவார்கள்.

“என்ன காரியம் பண்ணிட்ட” என்றார் மாசிலாமணி கடைசியில்.

“தண்ணி வருதுல்லண்ணே.”

“தண்ணி வருது. நாரைங்க வருமா? ஊரு வயித்துல அடிச்சிட்டியே.”

அன்றைக்கே அவசரக் கூட்டம். காட்டின் வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றதாகச் சொல்லி, செவந்தியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பேசிப் பேசித் தொண்டை வறண்டவர்கள் நடுநடுவே எழுந்து போய்ப் பம்பில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திட்டினார்கள். ஸ்பானரோடு பழைய பெட்டியைப் பிடுங்கிப் பாழுங்கிணற்றில் போட்டார்கள். இனி பம்பு எப்போது நின்றாலும் அன்றைக்கே கரையை உடைக்க வேண்டியது சின்னக்கண்ணு பெருச்சாளியின் பொறுப்பு என்று தீர்மானம் போட்டார்கள். பெருச்சாளி பல்லைத் தீட்டிக்கொண்டு நன்றியுரை சொன்னது.

செவந்திக்கு அழுகை வந்தது. பதவி போனதற்காக இல்லை. பம்பு நின்றால் பெருச்சாளி கரையை உடைக்கும், கரை உடைந்தால் பொட்டு போவான், காடையின் முட்டை போகும். பம்பை யாராவது சரிசெய்வதைப் பார்த்தால் ஊர் சும்மா விடாது. ஆக, பம்பும் நிற்கக் கூடாது, நிற்காமல் பார்த்துக்கொள்கிறவரும் ஊர் கண்ணில் படக் கூடாது. நல்ல பிழைப்பு!

மறுநாள் உச்சி வெயிலில் மாசிலாமணி தேனைத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டார். செவந்தி குகைக்குள் நுழைந்தாள். அவள் செய்த முதல் திருட்டு அது. புதுப் பெட்டியைப் புரட்டி, அடிப்பக்க உறையைக் கோரைப்பல்லால் கீறி, ஸ்பானரையும் இரண்டு வாஷர்களையும் உருவினாள். கீறல் தெரியாதபடி பெட்டியை மறுபடி நிமிர்த்தி வைத்தாள். குங்குமம்கூடக் கலையவில்லை. போகிற போக்கில் அவர் கழுத்திலிருந்து ஒரு கழிப்பறைச் சாவியையும் கழற்றிக்கொண்டாள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

அதற்குப் பிறகு பம்பு கிறீச்சென்று சொல்லத் தொடங்குவதற்கு முன்பே, ஊர் தூங்குகிற உச்சி வெயிலில், அதன் தொண்டை சரியாகிவிடும். செவந்தியின் குட்டிகள் மட்டும் விளக்கேற்றிய இடத்துக்குத் திருட்டுத்தனமாகப் போய், திருட்டுத்தனமாகக் கழுவிவிட்டு வந்தன. பொட்டு கொழுகொழுவென்று வளர்ந்தான்.

காட்டுக்கோ ஒரே குழப்பம். மழை வந்தது, போனது, பம்பு நிற்கவே இல்லை. பெருச்சாளியின் பல் வீணாக வளர்ந்தது. சிவப்புத் துணியைக் கறையான் தின்றது. கரடி பம்புக்குக் கேடு வர வேண்டி எல்லையம்மனுக்குப் பொங்கல்கூட வைத்தார். பொங்கலுக்குத் தண்ணீர் அந்தப் பம்பில்தான் பிடித்தார். பம்படியில் கூடிப் புலம்புகிறவர்களில் செவந்தியின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும்.

“பாழாப்போன பம்பு! கெட்டும் தொலைய மாட்டேங்குதே!” என்று மூக்கைச் சிந்துவாள். அவளுடைய ஊர்ப்பற்றைப் பார்த்து மறுபடி குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படிச் சில வருஷம் ஓடியது. வாஷர் தீரும்போதெல்லாம் செவந்தி மறுபடி குகைக்குப் போய்ப் பெட்டியிலிருந்து உருவிக்கொண்டாள். கடைசி வாஷரையும் மாட்டிவிட்ட வாரம் அது. பெட்டி காலி. செவந்திக்குத் தூக்கமே இல்லை. அடுத்த முறை கிறீச்சென்றால் என்ன செய்வாள்? அந்த நேரம் பார்த்து, இத்தனை வருஷமாக அவசரமே வராத அதிசயக் காட்டைப் பார்க்க பெனிட்டா மேடம் நேரில் வந்துவிட்டார். அதிசயத்தைப் பார்ப்பதற்கு மட்டும் அவர்களுக்குக் காரணம் தேவையில்லையாம்.

மேடம் பம்பை அடித்துப் பார்த்தார். கண்ணாடி போலத் தண்ணீர். கழிப்பறைகளைப் பார்த்தார். மின்னின. “யாரு இதையெல்லாம் இவ்வளவு நல்லாப் பாத்துக்கறது?” என்றார் நெகிழ்ந்துபோய்.

மாசிலாமணி ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கும்போது லேசாக இருந்தது. தேன் தின்றதில் தன் உடம்புக்குப் பலம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். “நான்தாங்க மேடம். பாத்தீங்களா, பெட்டியப் பிரிக்கவே இல்ல.”

மேடம் அதைப் பிரிப்பதற்கு அலகைக் கொண்டுபோனார். செவந்தியின் உயிர் மூக்கு நுனிக்கு வந்தது. ஆனால் மேடம் பச்சை ரிப்பனைத் தடவிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். பிரிக்காமலே இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது என்றால் எவ்வளவு பொறுப்பான தலைவராக இருக்க வேண்டும் இவர்! கரடிக்குப் பொன்னாடை போர்த்தினார். சிறந்த பராமரிப்புக்கான கேடயம் கொடுத்தார். கூடவே, அன்பளிப்பாக, அதே மாதிரி இன்னொரு பெட்டி. இந்த முறை பெரியது. உள்ளே வாஷர்கள் குலுங்கும் சத்தம் செவந்திக்கு நன்றாகக் கேட்டது.

கரடி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் செவந்திதான். தட்டிக்கொண்டே அவள் அழுதுவிட்டாள். தலைவர்மேல் அவளுக்கு எவ்வளவு பாசம் என்று காடை பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

நீதி: பொதுச் சொத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர், முதலில் அதை நன்றாகத் திருடக் கற்றுக்கொள்ள வேண்டும்.